இடப்பக்கம் யார் பார்ப்பது?

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் சாலைப் பாதுகாப்புக் குழுக்களுக்கும், கல் உடைக்கிற கிரஷர் உரிமையாளர்களுக்கும், லாரி உரிமையாளர்களுக்கும், ஸ்டீயரிங் பிடிக்கிற அண்ணாச்சிமார்களுக்கும், என்னைப் போல இரண்டு சக்கரத்தில் அதே ரோட்டில் போய் வருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஆலங்குளம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். போக வர தினமும் முப்பது கிலோமீட்டர் ஸ்கூட்டி ஓட்டுகிறேன். என் அப்பா லாரி டிரைவர். 1981-ல் கிளீனராக ஏறினார், ஆறு வருடம் கழித்து ஸ்டீயரிங்கைத் தொட்டார், 2014-ல் ராத்திரியில் கண் கூசுகிறது என்று தானாகவே வண்டியை விட்டு இறங்கினார். லாரிச் சம்பளத்தில் வளர்ந்து படித்தவள் நான். இன்று லாரிக்குப் பக்கத்தில் நெஞ்சு படபடக்க வண்டி ஓட்டுகிறவளும் நான்தான். இரண்டு பக்கத்து வலியும் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

போன கார்த்திகையில் எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் ஒரு விபத்து நடந்தது. பீடிக் கடைக்குப் பீடி கொடுக்கப் போன ஓர் அம்மா, மகன் ஓட்டிய மொபெட்டின் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர்களுக்கு முன்னால் லோடு இறக்கிவிட்டுக் காலியாக கிரஷருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு டாரஸ், பெரிய டிப்பர் லாரி. விலக்கு வந்ததும் லாரி கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கியது. அண்ணாச்சி வழி விடுகிறார் என்று நினைத்துப் பையன் இடப்பக்கம் கிடைத்த இடைவெளியில் வண்டியை விட்டான். அந்தக் கணத்தில் லாரி இடப்பக்கம் திரும்பியது. முன் சக்கரம் அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. பின் சக்கரம் தாண்டவில்லை.

பையனுக்குக் கையில் முறிவு. அந்த அம்மா ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துவிட்டார். டிரைவர் குதித்து ஓடிவிட்டார். கூடின கூட்டம் லாரிக் கண்ணாடியை உடைத்தது. 108-க்கு யார் போன் செய்தது என்று பிறகு விசாரித்தால், அங்கே நின்ற ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவர் செய்திருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள். போன் போவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

துக்க வீட்டில் இரண்டு விதமாகப் பேசினார்கள். லாரிக்காரன் கொன்றுவிட்டான் என்றார்கள் ஒரு பக்கம். பையன் எதற்கு இடப்பக்கம் புகுந்தான் என்றார்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது. அந்த லாரியில் கிளீனர் இல்லை. இடப்பக்கக் கண்ணாடி விரிசல் விட்டு, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. டிரைவருக்கு அன்றைக்கு அது நாலாவது நடை. விலக்கில் சீமைக் கருவேலம் ரோட்டு விளிம்பு வரை வந்து வளைவையே மறைத்திருந்தது. அங்கே இருக்கிற ஒரே விளக்கு எரிந்து மாதக்கணக்காகிறது. பையனுக்கு வயது 17, லைசென்ஸ் கிடையாது. இருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை.

அவன் என்னிடம் படித்த பையன். அந்த மொபெட்டில் அவன் பள்ளிக்கு வந்து போனதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆகவே இந்த மடலில் நான் யாரை நோக்கிப் பேசினாலும் எனக்கும் சேர்த்தே பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அப்பா ஒரு வேலை செய்தார். தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டு, ஒரு டாரஸை சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அண்டக் கொடுத்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தியை டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்து, அவள் உயரத்துக்குக் கீழே இரண்டு தலையணை போட்டார். மற்றப் பிள்ளைகளை லாரியைச் சுற்றி நிற்கச் சொன்னார். முன் பம்பரை ஒட்டி நாலு பேர், இடப்பக்கக் கதவை ஒட்டி வரிசையாக எட்டுப் பேர், பின்னால் ஐந்தாறு பேர், வலப்பக்கம் மூன்று பேர்.

"ஏட்டி, எத்தன பேரு தெரியுதாவ, எண்ணிச் சொல்லு" என்றார் அப்பா.

அவள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "மூணு பேரு தாத்தா. வலப்பக்கம் நிக்கவங்க மட்டும்" என்றாள். பிறகு பயந்த குரலில், "மத்தவங்கல்லாம் எங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. அவளுடைய உயிர்த்தோழி பம்பருக்கு ஒரு முழம் முன்னால் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கேபின் அவ்வளவு உயரம். கண்ணாடிக்குக் கீழே, முன்பக்கம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரை நிற்கிற சின்னப் பிள்ளையின் தலை டிரைவர் கண்ணில் படவே படாது. இடப்பக்கம் அதைவிட மோசம். டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் இடப்பக்கக் கதவுக்கும் நடுவில் ஒரு கேபின் அகலம் கிடக்கிறது, கதவுக்குக் கீழே நிற்பவர் முழுக்க மறைந்துபோகிறார். சுற்றி நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். கடைசியில் நானும் ஏறினேன். லாரிக்காரர் மகளாக இருந்தும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் அவரைப் பார்க்கிறேன், அத்தனை பெரிய வண்டியைப் பார்க்கிறேன், ஆகவே அவரும் என்னைப் பார்க்கிறார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்து ஓட்டியிருக்கிறேன்.

திருப்பத்தையும் அப்பா சுண்ணாம்புப் பொடி கொண்டு மண்ணில் வரைந்து காட்டினார். "லாரி திரும்பும்போது முன் டயரு ஒரு வட்டம் போடும், பின் டயரு வேற வட்டம் போடும். ரெண்டும் ஒண்ணு கெடையாது. பின் டயரு உள்ள இழுத்துக்கிட்டு வரும்" என்றார். அதனால்தான் நீள வண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் வலப்பக்கம் அகலம் எடுக்கிறது. பின்னால் வருகிற நமக்கு அது வழி விடுவது போலத் தெரிகிறது. அந்த இடைவெளியை நமக்காக யாரும் விடவில்லை, பின் சக்கரம் வந்து சேர வேண்டிய இடம் அது. இந்த ஒரு விஷயம் அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தால் அந்த அம்மா இன்றைக்கு முற்றத்தில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருப்பார். பாடப்புத்தகத்தில் நான் விசையும் உந்தமும் நடத்துகிறேன். இதை நடத்தியதில்லை.

கிளீனர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அப்பா கிளீனராக இருந்த காலத்தில் இடப்பக்கம் முழுக்க அவர் பொறுப்பு. கதவுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, தகரத்தில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டே வருவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போகலாம். சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது கீழே இறங்கி நின்று "வரட்டும், வரட்டும்... ஹோல்டான்!" என்று குரல் கொடுப்பார். கிளீனர் ஸ்டெப்னி மாற்றுகிறவன், டீ வாங்கி வருகிறவன் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவன் வண்டியின் இடது கண். இன்றைக்கு எங்கள் பக்கத்து டிப்பர்களில் அந்தக் கண்ணைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. நடைக் கணக்கில் ஓடுகிற வண்டியில் இன்னொரு ஆளுக்குச் சம்பளமும் பேட்டாவும் கட்டுப்படியாகவில்லை என்று எடுத்துவிட்டார்கள். ஆளை எடுத்தார்கள், அவன் பார்த்த வேலையை யாரிடம் கொடுத்தார்கள்? ஒருவரிடமும் கொடுக்கவில்லை.

பணகுடி, காவல்கிணறு பக்கம் போனால் காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெயிலர்களைப் பார்க்கலாம். ஒரு இறக்கையே 50 மீட்டருக்கு மேல் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு பைலட் வண்டி போகிறது, பின்னால் ஒன்று வருகிறது. வளைவு வந்தால் ஆட்கள் இறங்கி, கூடவே நடந்து, கையைக் காட்டித் திருப்புகிறார்கள். இறக்கையில் ஒரு கீறல் விழுந்தால் நஷ்டம் என்று தெரிந்திருக்கிறது. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் ரத வீதி முக்குத் திரும்புவதைப் பாருங்கள். வடம் பிடிக்கிறவர்களுக்கு சக்கரம் தெரியாது. சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு நிற்கிறவர்கள்தான் தேரை நிறுத்துவதும் திருப்புவதும். வேடிக்கை பார்க்கிற கூட்டமும் தேர் திரும்புகிற உள்பக்கம் போய் நிற்காது. "தேருக்கு சக்கரத்துக்குச் சக்கரம் ஆளு நிக்கான்லா, லாரிக்கு ஏன் ஒருத்தனும் இல்ல?" என்று அப்பா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

லாரி, கிரஷர் உரிமையாளர்களே, முதலில் உங்களிடம். ஆள் போட்டே ஆக வேண்டும் என்று சொல்ல எனக்கு ஆசைதான். முடியாது என்றால், இடப்பக்கக் கதவுக்கு மேலே கீழ்நோக்கிப் பார்க்கிற குவிகண்ணாடி ஒன்றும், முன்பக்கம் பம்பரைக் காட்டுகிற கண்ணாடி ஒன்றும் வையுங்கள். இடப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் காட்டுகிற கேமராவும் சின்னத் திரையும் ஒரு லாரி டயர் விலைக்குள் வந்துவிடுகிறது. டயர் தேய்ந்தால் மாற்றாமலா இருக்கிறீர்கள்? முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இருக்கிற வெற்றிடத்தை அடைக்கத்தான் பக்கத் தடுப்புக் கம்பி. விழுந்தவர் சக்கரத்துக்கு அடியில் போகாமல் காப்பது அதுதான். எங்கள் ரோட்டில் ஓடுகிற பல வண்டிகளில் அது வளைந்து தொங்குகிறது, சிலவற்றில் கழற்றியே வைத்துவிட்டார்கள். ஒளிரும் பட்டை முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள் என்று ஒட்ட வேண்டும். ஒட்டுகிறீர்கள், ஆனால் அதன் மேல் படிந்திருக்கிற கிரஷர் தூசியை யாரும் துடைப்பதில்லை. ராத்திரியில் எங்களுக்கு அது ஒளிர்வதே இல்லை.

நடைக் கணக்குச் சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அதில் அப்போதே இருந்தது. ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால், டிரைவர் அந்த எட்டு மணி நேரத்தை எப்படிப் பார்ப்பார்? இன்னொரு நடை அடித்தால் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டலாம் என்றுதான் பார்ப்பார். என் அப்பாவும் அப்படித்தான் பார்த்தார், அந்த ஃபீஸ் எனக்குத்தான் கட்டினார். நாள் சம்பளமாகக் கொடுத்துப் பாருங்கள், காலி வண்டி விலக்கில் பறந்து வராது.

ஓவர்லோடு ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. பத்து சக்கர வண்டி லோடோடு சேர்த்து 28.5 டன் வரை போகலாம் என்று 2018-ல்தான் அளவை உயர்த்திக் கொடுத்தார்கள். அதற்கும் மேலே ஏற்றும்போது பிரேக்குக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே தார்ப்பாய் போடாமல் எம்-சாண்ட் கொட்டிக்கொண்டே போகிற வண்டி, யாரையும் இடிக்காமலே ஆளை விழவைக்கிறது. தார் மேல் கிடக்கிற மணலில் ஸ்கூட்டி வழுக்கி நானே ஒருமுறை விழுந்திருக்கிறேன், முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

டிரைவர் அண்ணாச்சிமார்களே, உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். உங்கள் கஷ்டம் எங்கள் வீட்டுக் கஷ்டமாக இருந்தது. திரும்புவதற்கு முன்னால் இண்டிகேட்டரை விலக்கு வந்த பிறகு போடாமல் ஒரு ஃபர்லாங் முன்னாலேயே போடுங்கள். அகலம் எடுத்த பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்று, கண்ணாடியை இரண்டாவது தடவை பார்த்துத் திரும்புங்கள். பஞ்சரானால் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த கல்லை, கிளம்பும்போது காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போங்கள். ராத்திரி வருகிற பைக்காரனுக்கு அந்தக் கல் தெரியாது. பழுதான வண்டிக்குப் பின்னால் குழை ஒடித்துப் போடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது, நல்ல வழக்கம்தான். ஆனால் பச்சைக் குழை இருட்டில் மின்னாது, சிவப்பு முக்கோணத்தையும் சேர்த்து வையுங்கள். தை மாதம் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் ராத்திரி முழுக்க ரோட்டோரம் போகிறார்கள், அந்த நாட்களில் ஹெட்லைட்டை டிம் பண்ணி, பைய ஓட்டுங்கள். அவ்வளவுதான்.

குழுவில் இருக்கிற கலெக்டர் ஐயா அவர்களுக்கும், போலீஸ், ஆர்.டி.ஓ., நெடுஞ்சாலைத் துறை அதிகாரிகளுக்கும். 2019-ல் தென்காசி தனி மாவட்டமானது. ஆனால் லாரிக்கு மாவட்ட எல்லை கிடையாது. ராதாபுரத்துக் குவாரியில் ஏற்றினாலும் ஆலங்குளத்துக் கிரஷரில் ஏற்றினாலும் புளியரை வழியாகத்தான் கேரளத்துக்குப் போகிற வண்டிகள் நிறைய. அதே வண்டி, அதே டிரைவர், எல்லை தாண்டினால் அங்கே பல மாவட்டங்களில் பள்ளி தொடங்குகிற நேரத்திலும் விடுகிற நேரத்திலும் டிப்பர் ஓடத் தடை இருப்பதால் ஓரம்கட்டிக் காத்திருக்கிறார்கள். அங்கே காத்திருக்க முடிகிறவர்களால் இங்கே காத்திருக்க முடியாதா? அங்கத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற ஒரு மணி நேரம் ஆலங்குளம், பாவூர்சத்திரம், சீதபற்பநல்லூர்ப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். இரண்டு மாவட்டக் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே நேரத்தை அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாவட்டத்தில் நிற்கிற வண்டிகள் அடுத்த மாவட்டத்தில் அந்த நேரத்தை ஓடிப் பிடிக்கும்.

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வருகிற வண்டியில் பெயின்ட் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் இடப்பக்கக் கண்ணாடியையும் பக்கத் தடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். டம்பர், டேங்கர், பள்ளி பஸ் ஆகியவற்றுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் 60 கிலோமீட்டர்தான் என்று 2015-ல் மத்திய அரசு அறிவித்தது. எங்கள் விலக்கைத் தாண்டுகிற வண்டிகளில் அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று நிறுத்திப் பார்த்த ஒருவரை நான் கண்டதில்லை. 60 என்பதே லேசானது இல்லை. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. ஆபத்தைக் கண்டு காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை நொடி என்று வைத்தாலே 25 மீட்டர் போய்விட்டது. காற்று பிரேக் பிடிக்கவும் ஒரு கணம் வேண்டும். லோடு வண்டி அதற்குப் பிறகும் முப்பது, நாற்பது மீட்டர் உருண்டுதான் நிற்கும். ஐந்து பஸ்களை வரிசையாக நிறுத்தின நீளம் அது. எங்கள் பள்ளி வாசலுக்கும் விலக்குக்கும் நடுவில் அவ்வளவு இடமே கிடையாது.

விலக்குகளில் சீமைக் கருவேலத்தை வெட்டுவது யார் வேலை என்று கேட்டால் நெடுஞ்சாலைத் துறை ஊராட்சியைக் காட்டுகிறது, ஊராட்சி நெடுஞ்சாலைத் துறையைக் காட்டுகிறது. யாராவது ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, மழை முடிந்ததும் ஒன்று, பள்ளி திறப்பதற்கு முன் ஒன்று. தென்காசி ரோட்டை நான்கு வழியாக விரித்ததில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நடுத்தடுப்பில் திறப்பு தூரத்தில் இருப்பதால், எதிர்த்திசையில் ஓரமாகவே வந்து ஊருக்குள் நுழைகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் வேர் விட்டுவிட்டது. திறப்புக்கு இடம் குறிக்கும்போது அந்த ஊர்க்காரர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ராங் சைடில் போகிறவர்கள் செய்வது சரி என்று நான் சொல்லவில்லை. லாரி இடப்பக்கம் திரும்பும்போது டிரைவர் எதிர்பார்க்கவே முடியாத திசையில் ஒரு ஸ்கூட்டி வந்தால், எந்தக் கண்ணாடியும் காப்பாற்றாது.

சரி, இப்போது நம் முறை. ஸ்கூட்டி, பைக், சைக்கிள் ஓட்டுகிறவர்கள், பிள்ளைகளைப் பெற்றவர்கள்.

2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் இருசக்கர வண்டியில் போனவர்கள். தமிழ்நாட்டில் அந்த வருடம் நடந்த விபத்துகள் 64,105. நாட்டிலேயே அதிகம். இதை லாரிக்காரர்கள் மேல் மட்டும் போட்டுவிட்டுத் தூங்க நம்மால் முடியாது.

அப்பா பிள்ளைகளுக்குச் சொன்னதையே இங்கே சொல்கிறேன். லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், உங்கள் முகம் அவருக்குத் தெரியவில்லை. தெரிகிற இடத்துக்கு வாருங்கள், இல்லையென்றால் பின்னாலேயே நில்லுங்கள். லாரி எந்தப் பக்கம் ஒதுங்கினாலும், இண்டிகேட்டர் போட்டாலும் போடாவிட்டாலும், இடப்பக்க இடைவெளியில் நுழையாதீர்கள். திருநெல்வேலி வண்ணார்பேட்டை சிக்னலில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் முன்னால் நுழைந்து பம்பரை ஒட்டி நிற்கிறோமே, அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை தன் தோழியைக் காணாமல் தேடினாளே, அந்த இடம்தான் அது. பஸ்ஸில் இருந்து இறங்கியதும் பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே ஓடாதீர்கள். பஸ் போகட்டும், பிறகு ரோட்டைப் பார்த்துக் கடக்கலாம். உளுந்தையும் நெல்லையும் தார் ரோட்டில் காயப்போட்டு ரோட்டின் பாதியை அடைக்கிற நம் விவசாயிகளுக்கும் சொல்கிறேன், களம் இல்லாத குறை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் குவியலை விட்டு விலகிப் போகிற லாரி எதிரே வருகிற சைக்கிள் மேல் போகிறது. களம் கேட்டு ஊராட்சியில் மனுக் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

பெற்றவர்களே, பதினெட்டு ஆகாத பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுத்தால், பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை ஜெயிலும் என்று சட்டம் இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து நீங்கள் நிறுத்த வேண்டாம். அந்தப் பையனை நினைத்து நிறுத்துங்கள். அவன் அதற்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. நான் இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "நாந்தான டீச்சர் உள்ள விட்டேன்" என்றான். வேறு ஒன்றும் பேசவில்லை. நம்மில் ஒருவராவது முன்பே அவனிடம் அந்தச் சாவியை வாங்கி வைத்திருந்தால் அவனுக்கு இந்தப் பாரம் வந்திருக்காது.

அப்புறம், விபத்து நடந்த இடத்தில் கூடுகிற கூட்டத்துக்கு. கண்ணாடியை உடைக்காதீர்கள், டிரைவரை அடிக்காதீர்கள். டிரைவர் ஏன் ஓடுகிறார் என்று அப்பாவிடம் கேட்டேன். "செத்துருவோம்னு ஓடுவான். நின்னா அடிச்சே கொன்னுருவானுவ" என்றார். அடி விழாது என்று தெரிந்தால் நிறையப் பேர் இறங்கி முதலில் தண்ணீர் கொடுப்பார்கள், தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அந்த டிரைவர் மூன்றாம் நாள் தானாகவே ஸ்டேஷனுக்கு வந்து சரணடைந்தார். அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். அன்றைக்கு அவர் ஓடாமல் இருந்து, நாமும் அடிக்காமல் இருந்து, முதல் நிமிடமே 108 போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த நிமிடம் நம் கையில் இருந்தது. உதவி செய்தால் கேஸில் மாட்டுவோம் என்ற பயம் இன்னும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவு உதவுகிறவரைக் காப்பதற்காகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. பெயர், முகவரி சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் பணம் கட்ட வேண்டியதில்லை, யாராக இருந்தாலும்.

நம் சீமையில் இதற்கு மனசு இல்லாமல் இல்லை. 2024 பிப்ரவரியில் ஒரு ராத்திரி, புளியரை எஸ் வளைவுப் பக்கம் பிளைவுட் ஏற்றி வந்த லாரி கவிழ்ந்து கீழே தண்டவாளத்தில் விழுந்தது. சத்தம் கேட்டு எழுந்த ஒரு வயதான கணவனும் மனைவியும் டார்ச் லைட்டோடு தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். முதலமைச்சர் அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வெகுமதி கொடுத்தார். அந்த வேலை தங்களுடையதா, ரயில்வேயுடையதா என்று அவர்கள் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை.

எங்கள் ஊர் விலக்கில் ஒரு மாற்றம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. பொங்கலுக்கு முந்தின வாரம் இளைஞர்கள் பன்னிரண்டு பேர் அரிவாளோடு போய்க் கருவேலத்தை வெட்டித் தள்ளினார்கள். விலக்கில் இருக்கிற டீக்கடை அண்ணாச்சி காலையும் மாலையும் பள்ளி நேரத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு நிற்கிறார். டிப்பர் திரும்பினால் ஊதி, இடப்பக்கம் வருகிறவர்களை நிறுத்துகிறார். அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. டிரைவர்கள் இப்போது அவரைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் திரும்புகிறார்கள். கருவேலம் அடுத்த மழைக்குத் திரும்பவும் முளைக்கும். அண்ணாச்சிக்கு வயது அறுபத்தெட்டு. இதை ஊரே காலத்துக்கும் சமாளிக்க முடியாது, அதனால்தான் இந்த மடல்.

குழுவின் அடுத்த கூட்டத்தை ஆட்சியர் அலுவலக அறையில் வைக்காமல் எங்கள் பள்ளி மைதானத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏதாவது ஒரு சனிக்கிழமை போதும். கிரஷர் உரிமையாளர்களும் வரட்டும். லாரியை அப்பா கொண்டுவந்து நிறுத்துவார், சாவி என் கையில் இருக்கும். சுற்றி நிற்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கலெக்டர் ஐயா, நீங்கள் முதலில் அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்து, எத்தனை பேர் தெரிகிறார்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆலங்குளம் வட்டாரத்துப் பள்ளி ஆசிரியை ஒருத்தி